அம்மா பேசிய பகுதி

காலையில் ஸ்டூடியோக்காரர் தன் கையால் டீ போட்டு மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்தபோதே மகள் பாப்பாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் அவர் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அன்றைக்கு டீத்தூள் டப்பா எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. தானே தேடி எடுத்துப் போட்டார். "சர்க்கரை போதுமா?" என்று வேறு விசாரித்தார். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பாதியைக் குடித்துவிட்டு டூட்டிக்கு ஓடினாள்.

பாப்பாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. பதினெட்டு வயதாகியும் வீட்டில் இன்னும் பாப்பாதான். ஆனால் போன வாரம் அவள் செய்த காரியம் பாப்பா செய்கிற காரியமில்லை. கணக்கியல் கல்லூரியில் கிடைத்திருந்த இடத்தை, அவர்கள் போனில் கேட்டதும், "எனக்கு வேண்டாங்க, வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். நமக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இனி அவளுக்கு இருப்பது ஒரே ஒரு விண்ணப்பம்தான். பல்கலைக்கழகத்தின் ஊடகம் மற்றும் தகவல் தொடர்பியல் பட்டப்படிப்பு. மார்க்கை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, மறு கண்ணால் நாம் எடுத்து அனுப்பும் படத்தைப் பார்ப்பார்களாம். சின்னப் படம். தலைப்பு 'ஒரு குரல்'. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எடுப்பதும் தொகுப்பதும் விண்ணப்பிப்பவரின் கையாகவே இருக்க வேண்டும். படத்தில் பேசுகிறவரை அன்று மாலையே துறையிலிருந்து போனில் கூப்பிட்டு, வெளியிடச் சம்மதமா என்று கேட்பார்கள். ஆள் கிடைக்காவிட்டாலும் சரி, மாட்டேன் என்று சொன்னாலும் சரி, விண்ணப்பம் அதோடு முடிந்தது.

பாப்பா தன் அம்மாவைத்தான் எடுத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள் அம்மா. டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. பகல் முழுக்க ஊருக்கே கேட்கும்படி பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். போன்கூட வைத்துக்கொள்வதில்லை. "பேசினது போதும்" என்பாள். அதனால் அவளுக்கான எண் என்று கேட்ட இடத்தில் பாப்பா அப்பாவின் எண்ணையே கொடுத்திருந்தாள். மாலையில் அந்தப் போனை எப்படியாவது தன் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஏன் என்றால், அம்மா அந்தப் படத்தில் பேசியது அப்பாவின் காதுக்குப் போகவே கூடாத விஷயம்.

அப்பா வெளியூர்க் கல்யாணம் ஒன்றை எடுக்கப் போயிருந்த அன்று, துணி மடித்துக்கொண்டே அம்மா அதைச் சொன்னாள். பாப்பா பிறப்பதற்கு முன்னால் வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனாளாம். தேர்வும் ஆகிவிட்டாளாம். சொல்வதற்காக அங்கிருந்து வீட்டுக்குப் போன் வந்தபோது எடுத்தவர் அப்பா. "அவங்களுக்கு இஷ்டம் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஈரக் கையோடு கதவுக்குப் பின்னால் நின்று அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

"அவர் காதுக்குப் போகாது இல்ல?" என்று முடித்ததும் கேட்டாள்.

"போகாதும்மா," என்று பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் என்ன செய்தாள் தெரியுமா? முந்தின நாள் படம் முடிந்ததும், ஃபைல் கனமாக இருந்து இணையதளம் ஏற்கமாட்டேன் என்றது. அவசரத்தில் அப்பாவிடம் போய், "இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்கப்பா, ஆனா தொறந்து பாக்காதீங்க" என்று கொடுத்துவிட்டு வந்தாள். பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

மதியம் கழிந்து, அவர் சின்னதாக்கிக் கொடுத்ததை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள்.

முதலில் பேருந்துகள் வந்தன, மெதுவாக, மிதந்துகொண்டு. பின்னால் புல்லாங்குழல். அம்மாவின் முகம் நாலு ஷேடு வெளுத்திருந்தது. ஓரத்தில் சிவப்பு இதயங்கள் கிளம்பிப் பறந்தன. அம்மா சிரித்தாள், கொஞ்சம் கழித்து அதே சிரிப்பை மறுபடியும் சிரித்தாள். கடைசியில் பூக்கள் உதிர்ந்து, 'நன்றி' என்று தங்க எழுத்தில் வந்து நின்றது.

துணி மடிக்கும் காட்சியே இல்லை. அம்மா பேசியது ஒரு வார்த்தை இல்லை.

 பாப்பா செருப்பை மாட்டாமலே ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

ஸ்டூடியோக்காரர் காலையில் எடுத்த கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கென்று ஒரு தொழில் தர்மம் உண்டு. முறைப்பு, அழுகை, சண்டை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா கோபித்துக்கொண்டு, கை நனைக்காமல் வெளியே போய்விட்டார். வீடியோவில் பார்த்தால் அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சாப்பிடுவார். அந்தத் துண்டு வேறொரு கல்யாணத்தில் எடுத்தது. அந்தக் குடும்பமே அதைப் பார்த்துப் பார்த்து, இப்போது அவர் சாப்பிட்டார் என்றே நம்புகிறது.

"அம்மா பேசினது எங்கப்பா?"

அவர் திரும்பவில்லை. "நல்லா வந்திருக்கு இல்ல? ஏதோ அங்க இங்க கொஞ்சம் தட்டி…"

"அம்மா பேசினது எங்க?"

"அது எதுக்கு பாப்பா, வெளியாளுங்க பாக்குற படத்துல. வீட்டு விஷயம்."

"பாத்தீங்களா?"

அவர் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினார். திரையில் மணப்பெண் வந்து வந்து போனாள்.

"முழுசாப் பாத்தீங்களாப்பா?"

"கண்ணுல பட்டுச்சு."

கோபத்துக்கு இப்போது நேரம் இல்லை என்பது பாப்பாவுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி. நான் எடுத்தது கேமரா கார்டுல அப்படியே இருக்கும் இல்ல? குடுங்க. நானே மறுபடி சேத்துக்கறேன்."

ஸ்டூடியோக்காரர் இப்போதுதான் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வேலை முடிந்தால் கார்டைத் துடைத்து அடுத்த வேலைக்குத் தயாராக வைப்பது அவர் வழக்கம். பல் தேய்ப்பது போல அது அவருக்கு. இரவே துடைத்துவிட்டார். காலையில் அதே கார்டில் கல்யாணத்தை எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த அவளுடைய ஃபோல்டரையும் கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று அழித்தாயிற்று. அதன் மேல் கல்யாணம் ஏறியும் ஆயிற்று.

"மீட்டு எடுக்குற சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாமா?"

"மேல வேற எழுதிடுச்சும்மா. வராது." அவர் குரல் கம்மியது. "படம் இருக்கு இல்ல, அதை அனுப்பேன். அழகாத்தான இருக்கு."

"இதுல குரலே இல்லப்பா. தலைப்பே குரல்."

"பேசலேன்னா என்ன, முகத்துல தெரியுதே."

"ஒரே சிரிப்பை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. பாக்குறவங்க என்ன கேணையனுங்களா?" மவுஸைப் பிடித்திருந்த அவர் கையைக் காட்டினாள். "எங்கையால செய்யணும்னு விதி. இது உங்க கை. உங்க கைன்னு பாத்த உடனே தெரியுது. அன்னிக்கு அம்மாவைப் பேச விடாமப் பண்ணீங்க. அதை அவ சொன்னா, அதையும் வெட்டிட்டீங்க."



கார்டு ஒன்றும் கேமராவும் எடுத்துக்கொண்டு பாப்பா வெளியே ஓடினாள். ஆட்டோ பிடித்து உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது உறைத்தது.

*

அறிவிப்பு அறை, நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு மேசை, மைக், அதன் பக்கத்தில் ஒரு சுவிட்ச், வண்டி நேரங்கள் ஒட்டிய அட்டை. மைக்கில் பேசும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அதுவும் ஊருக்குக் கேட்கும். அதனால் அம்மாவின் கழுத்து எப்போதும் வேர்த்தே இருக்கும்.

"மூன்றாவது நடைமேடையில் நிற்கும் துறைமுகம் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்," என்று சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பிய அம்மா, மகளின் வெறுங்காலைப் பார்த்தாள். "என்னடி ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவது?"

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல."

பாப்பா எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபைல் கனம், பார்க்காதீங்க என்று கொடுத்தது, பறக்கும் இதயங்கள், துடைத்த கார்டு. வாக்குத் தவறியது தன்னால்தான் என்பதை நடுவில் எங்கேயோ வேகமாகச் சொல்லிக் கடந்தாள். அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டாரா?"

"ம்."

"முழுசா?"

"முழுசா."

அம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "கேட்டுட்டுதான் காலையில சர்க்கரை போதுமான்னு கேட்டாரா?"



கீழே ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. ஒரு கண்டக்டர் படியில் பாதி ஏறி வந்து, கண்ணாடியைத் தட்டினார். "என்ன மைக்கம்மா, ஆஸ்பத்திரி வண்டியை மறந்துட்டீங்களா? ஜனங்க எந்த வண்டின்னு தெரியாம நிக்குது."

அம்மா பதறி எழுந்து சுவிட்சைப் போட்டு அறிவிப்பைச் சொன்னாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. 

"அம்மா, நேரமில்லம்மா. இன்னொரு தடவை சொல்லு. இங்கயே எடுத்துடறேன்."

"முடியாது."

"அம்மா."

"அதெல்லாம் ஒரு தடவைதான் வரும் பாப்பா. யாரும் கேக்கலேன்னு நெனச்சுச் சொன்னேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் வீட்டுக்குப் போறதுன்னே தெரியல. இதுல படம் வேற." அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "உனக்குத்தான் அந்தக் கணக்குக் காலேஜ் இருக்கு இல்ல? அதுல போய்ச் சேரு. எல்லாரும் படிக்குறதுதான."

பாப்பா தரையைப் பார்த்தாள்.

"என்ன?"

"அது இல்லம்மா. போன வாரமே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எதை?"

"சீட்டை."



"யாரைக் கேட்டுச் சொன்னே?" அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அவனவன் சீட்டுக்கு நாயா அலையுறான். கிடைச்சதைத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறே. இது கிடைக்கலேன்னா என்னடி பண்ணுவே? ஸ்டூடியோவுல உக்காந்து அவரோட சேந்து பூ விடுவியா?"

"தெரியல."

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னேன்னு கேக்கறேன்."

"யாரையும் கேக்கல." பாப்பா அழுதேவிட்டாள். வழிகிற மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வந்த போன். எனக்கு இஷ்டம் இல்லேன்னு நானே சொன்னேன். ரெண்டையும் கையில வெச்சிருந்தா நீங்க எல்லாரும் சேந்து என்னை அதுக்குத்தான் அனுப்புவீங்க. எனக்குத் தெரியும். இதுதான் வேணும்மா. இது போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டு வரும் என்று பாப்பா காத்திருந்தாள். வரவில்லை.

"நானேன்னு சொன்னியா," என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல. "உன் வயசுக்கு மேலயும் எனக்கு அது வரல பாப்பா. அவர் போனை வெச்சதும், நான் கதவைத் தொறந்துட்டு வந்து, மறுபடி போட்டுக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். நம்பர் அங்கதான் எழுதியிருந்துச்சு."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"எடு."

பாப்பா கேமராவைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அடியைத் திறந்து பார்த்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

 சார்ஜில் போட்ட பேட்டரி ஸ்டூடியோவில் சுவரோடு இருக்கும். போய் வர நேரமே கிடையாது.

இரும்புப் படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. ஸ்டூடியோக்காரர் மேல்மூச்சு வாங்கக் கதவருகே வந்து நின்றார். தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் பேட்டரி, இன்னொரு கையில் மகளின் செருப்பு.

"பேட்டரி எடுக்காமப் போயிட்டே," என்றார்.

மனைவியை அவர் பார்க்கவில்லை. பேட்டரியை மகளிடம் கொடுத்துவிட்டு, பையையும் செருப்பையும் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கப் போனார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"கீழ இருக்கேன். நீங்க எடுத்து முடிங்க."

"உள்ள வாங்க. ஒரு தடவை திருட்டுத்தனமாக் கேட்டாச்சு. இந்தத் தடவை நேராவே கேளுங்க."

அவர் உள்ளே வந்தார். வழக்கம்போலக் கேமராவின் பின்னால் போனார்; அது மகளின் இடம். மேசை விளக்கைத் திருப்ப ஒரு கை நீட்டினார்.

"எதையும் தொடாதீங்கப்பா. என் கையாத்தான் இருக்கணும்."

கையை இழுத்துக்கொண்டார். அந்த மனிதர் இருக்கும் இடத்தில் எப்போதும் அவர் தோளிலோ கையிலோ ஏதாவது ஒரு கருவி இருக்கும். இப்போது ஒன்றுமே இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவோரமாக நின்றார்.

மைக்கின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு, கேமராவை ஓடவிட்டாள்.

அம்மா பேசினாள். துணி மடித்துக்கொண்டு பேசிய அம்மா இல்லை இது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நடுவில் வண்டி வந்தால், "இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, விசிறியை நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பாப்பா கேமராவை நிறுத்தவே இல்லை.

"குரல் தேர்வுக்கு வீட்டுல சொல்லிட்டுத்தான் போனேன். சும்மா போய்ட்டு வான்னாரு. எடுப்பாங்கன்னு அவர் நினைக்கல… நானும் நினைக்கல."

"ஐந்தாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கும் பேருந்து, சந்தை வழியாக ரயிலடி செல்லும்."

"போன் வந்தப்ப பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். கையைத் துடைச்சுட்டு வர்றதுக்குள்ள அவர் எடுத்துட்டாரு. 'அவங்களுக்கு இஷ்டம் இல்லீங்க'ன்னாரு. எவ்வளவு மரியாதையா சொன்னாரு தெரியுமா? அவங்களுக்குன்னு. என்னைப் பத்தி அவர் அவ்வளவு மரியாதையாப் பேசி நான் கேட்டதே இல்ல."

பாப்பாவின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. கையை மட்டும் ஆடாமல் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் இந்த வேலை வந்துச்சு. இதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல. பஸ் பேரு சொல்ற குரலை யாரும் யாருன்னு கேக்க மாட்டாங்க இல்ல? அதனால இருக்கும். கோவம் இருந்துச்சா? இருந்துச்சு. இருக்கு. சோறு போடுறப்ப இருக்கு, துணி துவைக்குறப்ப இருக்கு. அவருக்குத்தான் தெரியல. ஏன் அப்படிச் சொன்னாருன்னு நான் கேட்டதில்ல. கேட்டா ஏதாவது ஒரு நல்ல காரணம் சொல்லிடுவாரோன்னு பயம்."

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நல்ல காரணம் எல்லாம் இல்ல."

அம்மா திரும்பவில்லை.

"ஸ்டூடியோ புதுசு அப்ப. நாள் பூரா உக்காந்திருப்பேன், ஒரு ஆள் ஏறி வரமாட்டான். உன்னை மட்டும் போன் போட்டுக் கூப்பிடுறாங்க. பொறுக்கல எனக்கு. அவ்வளவுதான்."  பிறகு, பழக்க தோஷத்தில், "இதை வெட்டிடு பாப்பா," என்றார்.

"வெட்ட நேரமில்லப்பா," என்றாள் பாப்பா.

*

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் மட்டும் நறுக்கினாள். ஃபைல் இன்றும் கனமாகத்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரர் இரண்டு படி கீழே, கையைப் பின்னால் கட்டியபடியே, "வலது பக்கம்… மேல இல்ல, அதுக்குக் கீழ… அதேதான்" என்று வாயால் மட்டும் வழி சொன்னார்.

ஏற்றத் தொடங்கியதும் திரையில் கோடு பாதி தூரம் ஓடிவிட்டு நின்றுகொண்டது. பேருந்து நிலையத்தில் ஆயிரம் பேர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் இணையம் என்ன செய்யும்? பாப்பா இரும்புப் படியின் உச்சிக்கு ஏறி, லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். கை வலித்தது. கோடு கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்று, மறுபடி நகர்ந்தது. வாய்க்குள்ளேயே, "போ, போ, போயிடு" என்று கெஞ்சினாள்.

ஐந்தடிக்க இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது, 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்தது.

அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டூட்டி முடிந்து அம்மா இறங்கி வந்தாள். கூண்டிலிருந்து அடுத்த டூட்டிக்கு வந்த பெண்ணின் குரல் கேட்கத் தொடங்கியது. மூவரும் நடைமேடை ஓரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பாப்பா நடுவில்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நீங்க போங்க," என்றாள் அம்மா.

அவர் போகவில்லை.

அப்போதுதான் அவர் சட்டைப் பையில், ரசீது எழுதும் பேனாவுக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தெரியாத எண்.  இந்தப் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது என்று நினைத்ததெல்லாம் ஓடிய ஓட்டத்தில் பாப்பாவுக்கு மறந்தே போயிருந்தது. அவள் கை நீட்டுவதற்குள் அவர் காதில் வைத்துவிட்டார்.

"ஹலோ… ஆமாங்க… நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

அந்தப் பக்கம் யாரோ விளக்கமாகச் சொல்வது இரைச்சலுக்கு நடுவே கீச்சுக்குரலாகக் கேட்டது. ஸ்டூடியோக்காரர் முகம் வெளிறிக்கொண்டே போனது. அவர் சொன்ன 'பொறுக்கல' என்ற வார்த்தையை இப்போது முன்பின் தெரியாதவர்கள் கேட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அது அங்கேயே நின்றுவிடும். வெளியே போகாது. மகளின் விண்ணப்பமும் அதோடு முடிந்துவிடும்.

"அவங்களுக்கு…" என்று அவர் ஆரம்பித்தார்.

அம்மாவின் உடம்பு கல்லாகிவிட்டது. 

"அவங்களுக்கு இஷ்டமா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

போனை மகளைத் தாண்டி நீட்டினார்.

அம்மா அதை உடனே வாங்கவில்லை. கை ஈரமாக இல்லாவிட்டாலும் புடவையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு வாங்கிக் காதில் வைத்தாள்.

"நான்தான் பேசறேன்… ஆமா, அந்தப் படத்துல இருக்குறது நான்தாங்க… பாத்தீங்களா? முழுசாவா?… சம்மதம்தாங்க. எல்லாத்துக்கும்தான். அவர் பேசினதும் இருக்கட்டும்." நிறுத்திக் கேட்டாள். "பொண்ணா? அவளேதாங்க எடுத்தா, வேற யாரும் கை வைக்கல… முடிவு எப்ப சொல்வீங்க?… சரிங்க."

பாப்பா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கிடைக்குமோ கிடைக்காதோ, அது அடுத்த கவலை. இப்போதைக்குக் கதவு சாத்தப்படவில்லை. அம்மா போனை வைக்கட்டும், கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழலாம் என்று நினைத்தாள்.

அம்மா போனை வைக்கவில்லை. எழுந்து, இருவருக்கும் முதுகைக் காட்டி, நாலு அடி தள்ளிப் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் ஊருக்கே பேசிப் பழகிய குரல். தாழ்த்தினாலும் பெஞ்சுவரை தெளிவாகக் கேட்டது.

"இன்னொண்ணு கேக்கலாங்களா? தப்பா நினைக்காதீங்க. இந்தப் படிப்புல சேர வயசு வரம்பு ஏதாவது இருக்குங்களா?… இல்லீங்க, பொண்ணுக்கு இல்ல."

பாப்பா தலையைத் தூக்கினாள். ஸ்டூடியோக்காரர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

அந்தப் பக்கத்தில் நீளமாக ஏதோ பதில் வந்தது. அம்மா, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இவர்கள் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளப் பேனா வேண்டும் என்று காற்றில் விரலால் எழுதிக் காட்டி, கையை நீட்டினாள்.

பேனா இருந்தது அப்பாவின் சட்டைப் பையில்.